என் காலும் அந்தக் கியர்பொக்ஸும்

3 பெப்ரவரி 2025, திங்கள்

மழை. கலாவதியின் முழங்காலுக்குப் பத்தரை மணிக்கு வைத்தியரிடம் நேரம். பஸ்ஸில் போனோம். இருபத்தேழு வருஷம் இந்த லண்டனில் மினிகாப் ஓடி ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் ஏற்றி இறக்கியவன் நான். இன்று என் சொந்த மனைவியை பஸ் தரிப்பில் நனைய விட்டுக்கொண்டு நின்றேன். கார்த் திறப்பு மகள் கோசிகாவின் கைப்பைக்குள் இருக்கிறது. நேற்று வாங்கிக்கொண்டு போனாள். வாங்கினாள் என்ன, பறித்தாள்.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன், பிறகு ஒருவரும் மாற்றிக் கதைக்கக் கூடாது. நேற்று மிச்சம் என்கிற இடத்தில், எங்கள் ஊர் விவேக்கின் புது வீட்டுக் குடிபூரல். பால் பொங்கி, பூசை முடிந்து, சாப்பாடு தொடங்கிய நேரம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வந்து, தன் வாசலை ஒரு சாம்பல் நிறக் கார் மறித்து நிற்கிறது என்றார். என்னுடையதுதான். விவேக் கத்திக் கூப்பிட்டான், ஓடினேன். ஸ்டார்ட் பண்ணி, லீவரை 'டி'யில் போட்டு, பிரேக்கில் கால் வைத்தபடி மெல்ல முன்னே எடுத்தேன். கார் பாய்ந்தது. அந்த மனிதரின் முன்மதிலை இடித்து விழுத்திய பிறகுதான் நின்றது.

ஒரு நிமிஷத்துக்கு முன்வரை அந்த மதிலில் இரண்டு பிள்ளைகள் இருந்து பலூன் ஊதியிருக்கிறார்கள். பாயாசம் கொடுக்க யாரோ உள்ளே கூப்பிட்டதால் தப்பினார்கள்.

கோசிகா ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, "அடி பட்டதோ" என்பது இல்லை. "அப்பா, பிரேக் எண்டு நினைச்சு மற்றதை அமத்தினீங்களா?"

இல்லை. என் கால் பிரேக்கில்தான் இருந்தது. சத்தியமாக இருந்தது.

வருகிற மே மாதம் எனக்கு எழுபது. லைசென்ஸ் புதுப்பிக்கும் படிவம் வரும். அதில் கையெழுத்து வைக்கவே விடமாட்டாள் போலிருக்கிறது. வைக்காவிட்டால் கலாவதிக்கு யார் இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமைகளில் விம்பிள்டன் கோயிலுக்கு நான் ஏற்றிப் போகிற சிவனேஸ்வரி அக்காவுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் யார்? அதெல்லாம் ஒரு பக்கம். நான் யார்?

மூன்று கிழமைக்கு முன்தான் செபமாலைமுத்துவின் கராஜில் கியர்பொக்ஸ் எண்ணெய் மாற்றினேன். அதுவரை ஒரு குறை சொல்ல முடியாத கார்.

4 பெப்ரவரி, செவ்வாய்

மருமகன் யனுஷன் காரைக் கராஜுக்கு ஓட்டி வந்தான். நான் பக்கத்துச் சீட்டில், சாமான் மாதிரி.

செபமாலைமுத்துவைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். என்னைவிட இருபது வயது குறைவு, ஞாயிறு பூசை தவறாத ஆள். மடிக்கணினியைக் காரில் செருகினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மூடினார்.

"பிழை ஒண்டும் பதிவாகேல்லை, அண்ணை. கியர்பொக்ஸ் நல்லா இருக்கு."

"அப்ப கார் தானாப் பாய்ஞ்சதோ?"

துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தார். "எலக்ட்ரிக் சாமான் தானே அண்ணை. சில நேரம் சொல்ல ஏலாது."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் வேலைப் பிழை தெரிந்துவிட்டது, மறைக்கிறார். இருபத்தேழு வருஷம் பின்கண்ணாடியில் ஆட்களின் முகத்தைப் பார்த்தவனுக்கு இது விளங்காதா?

7 பெப்ரவரி, வெள்ளி

எங்கள் ஊர் ஆட்களின் வாட்ஸப் குழுவில் நூற்றி நாற்பது பேர். அதில் குரல் பதிவு ஒன்று போட்டேன். செபமாலைமுத்து கை வைத்த பிறகுதான் என் கியர்பொக்ஸ் பாய்ந்தது, பிள்ளைகள் சாகப் பார்த்தார்கள், எல்லோரும் கவனம் என்று இரண்டு நிமிஷம். பெயரைச் சொன்னேன். ஏன் சொல்லக் கூடாது?

ஐந்து நிமிஷத்தில் முப்பது பதில். சந்திரவதனா எழுதினாள்: "நெருப்பில்லாமல் புகையாது அண்ணை. நாங்கள் எங்கட வானை வேறை இடத்துக்குக் கொண்டு போறம்."

நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

8 பெப்ரவரி, சனி

திறப்பு இன்னும் வரவில்லை.

13 பெப்ரவரி, வியாழன்

நூலகத்துக்குப் போனேன். சும்மா கத்தினால் கிழவன் கத்துகிறான் என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, எந்த இடத்தில் பிழை என்று விரல் வைத்துக் காட்டப் போகிறேன்.

நான் முதலில் ஓடிய ஓட்டோமற்றிக் காரில் எல்லாம் எண்ணெயின் வேலை. வேகம் கூடினால் எண்ணெயின் அமுக்கம் கூடும், அது வால்வைத் தள்ளும், கியர் மாறும். இப்போது அப்படி இல்லையாம். உள்ளே ஒரு சின்னக் கணினி இருக்கிறது. ரோட்டில் உருளும் சில்லு என்ன வேகத்தில் சுற்றுகிறது, எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறது, எண்ணெய் எவ்வளவு சூடு, ஓட்டுபவர் பெடலை எவ்வளவு அமத்துகிறார் என்று ஒவ்வொரு கணமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்டதை வைத்துத்தான் எந்தக் கியர் என்று முடிவெடுக்கிறது. முடிவெடுத்ததும் மின்சாரத்தால் திறந்து மூடும் சின்ன வால்வுகளுக்குக் கட்டளை போகும். அவற்றைச் சொலினோயிட் என்கிறார்கள். அவை எண்ணெயை உரிய இடத்துக்கு விட, அந்த எண்ணெய் கிளச்சுத் தட்டுகளை இறுக்கும். அவ்வளவுதான்.

அப்படியானால் நாங்கள் 'டி'யில் போடுவது கியர் போடுவதே இல்லை. முன்னே போக விருப்பம் என்று மனுக் கொடுக்கிறோம், அது பார்த்து முடிவு செய்கிறது. இத்தனை வருஷம் நான்தான் ஓட்டினேன் என்று நினைத்திருந்தேன்.

சரி. கணினி என்றால் பிழை விடும். எங்கள் கவுன்சில் கணினி விடாத பிழையா?

16 பெப்ரவரி, ஞாயிறு

சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. எண்ணெய் மாற்றும்போது எண்ணெய்ச் சூட்டைப் பார்க்கும் கருவியின் வயரை அந்த ஆள் தட்டியிருக்க வேண்டும். கணினிக்குப் பொய்ச் சேதி போயிருக்கும். அமுக்கம் கூடியிருக்கும். பாய்ந்திருக்கும்.

கலாவதி மரக்கறி வெட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

நான் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன்.

23 பெப்ரவரி, ஞாயிறு

என் விளக்கத்தில் ஓட்டை.

எழுதி வைக்கிறேன், எனக்குப் பிடிக்காவிட்டாலும். எண்ணெயின் அமுக்கம் கூடினால் கியர் விழும்போது ஓர் உலுக்கு உலுக்கும். அவ்வளவே. மதிலை இடிக்கிற வலுவை அது தராது. கியர்பொக்ஸ் வலுவை மாற்றிக் கொடுக்கும், உண்டாக்காது. உண்டாக்குவது எஞ்சின். அன்றைக்கு எஞ்சின் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அதைக் கத்தச் சொன்னது யார்?

இன்னொன்று. சேதி பிழையாக வந்து கணினி குழம்பினால், அது பாய்வதில்லையாம். ஒரே கியரைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து கராஜுக்குப் போய்ச் சேர் என்று விட்டுவிடுமாம். குழம்பினால் அடங்குகிற சாமான் அது. எங்கள் ஆட்கள் மாதிரி இல்லை.

அப்படியானால் பெடலில்தான் பிழை. அந்தப் பெடலும் இப்போது கயிறு இழுப்பதில்லை, மின்சேதி அனுப்புகிறது.

24 பெப்ரவரி, திங்கள்

பெடலில் ஒன்றில்லை, இரண்டு உணரிகள். இரண்டும் தனித்தனியாகச் சொல்லும். சொல்வது ஒத்துப்போகாவிட்டால் கணினி இரண்டையும் நம்பாது, எஞ்சினைத் தணித்துவிடும்.

பிடிக்கப் போன கள்ளர்கள் ஒவ்வொருவராகக் கைநழுவிப் போகிறார்கள்.

இரண்டு உணரிக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடிக்கலாம் தானே? பிடிக்கலாம். விடமாட்டேன்.

1 மார்ச், சனி

கடையில் சந்திரவதனாவைக் கண்டேன். செபமாலைமுத்துவின் கராஜ் வெறிச்சோடிக் கிடக்கிறதாம். கூட நின்று வேலை செய்த பெடியனும் இப்போது கிழமைக்கு மூன்று நாள்தானாம்.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருந்தது, பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும் வரை. அதற்குப் பிறகு இல்லை. ஏன் என்று எழுத மனமில்லை.

8 மார்ச், சனி

கோசிகாவின் சிநேகிதி தாரிணி வந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. கார்களின் மின்சாதனங்களைச் சோதிக்கிற வேலை. இடிப்பு மாதிரி ஏதும் நடந்தால் அதற்கு முந்திய சில விநாடிகளைக் கார் தானே எழுதி வைக்கும் என்று போன கிழமை வாசித்தேன். நான் வாங்கிய மலிவுக் கருவி அதைத் திறக்காதாம். அவளிடம் அதற்கேற்ற கருவி இருந்தது. கோசிகா திறப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அம்மாவோடு தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டாள்.

தாரிணி திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், மோதறதுக்கு முன்னாடி அஞ்சு செகண்ட் இருக்கு. படிக்கட்டுமா?"

"படி, பிள்ளை."

ஐந்தாவது விநாடியில் பிரேக் இருந்தது. நாலில் இருந்தது. மூன்றில் பிரேக்கோடு மற்றப் பெடலும் கொஞ்சம், நூற்றுக்குப் பன்னிரண்டு. இரண்டில் பிரேக் இல்லை, மற்றப் பெடல் ஐம்பத்தெட்டு. ஒன்றில் எண்பத்து மூன்று.

"ரெண்டு சென்சாரும் ஒரே மாதிரிதான் சொல்லுது அங்கிள். கியர்பாக்ஸ் ஃபர்ஸ்ட்ல இருக்கு. எல்லாம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு." குரலைத் தணித்துச் சொன்னாள்: "கோசிகாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

ஐம்பத்தெட்டு. எண்பத்து மூன்று. கார் போகப் போக நான் இன்னும் அமத்தியிருக்கிறேன். நிற்கிறதில்லையே, நிற்கிறதில்லையே என்று, பிரேக் என்று நினைத்து, முழு மூச்சோடு அமத்தியிருக்கிறேன். அந்தப் பெட்டி நான் கேட்டதைத்தான் தந்திருக்கிறது.

ஐயோ, என்ன செய்து போட்டன். அந்தப் பிள்ளையள் இருந்திருந்தால்.

9 மார்ச், ஞாயிறு

கலாவதிக்குச் சொன்னேன். ஏச்சு வரும் என்று பார்த்தால் வேறு ஒன்று வந்தது.

"அண்டைக்கு மருமகன்ர சப்பாத்தையெல்லோ கொளுவிக்கொண்டு ஓடினீங்கள். பாவம், அந்தப் பிள்ளை பிறகு காலுறையோட வெளியில நிண்டது."

எனக்கு நினைவே இல்லை. ஆனால் உண்மையாகத்தான் இருக்கும். விவேக் வீட்டு நடையில் அறுபது சோடி கிடந்தது. என் சப்பாத்து எந்த மூலையிலோ. வெள்ளைக்காரர் வாசலில் நிற்கிறார், விவேக் கத்துகிறான், கிட்டக் கிடந்ததுக்குள் காலை விட்டிருப்பேன். எங்கள் கொண்டாட்டங்களில் இது புதுமை இல்லை. வேறொருவர் செருப்போடு கழிவறைக்கும் போவோம், குப்பை போடவும் போவோம். கார் ஓட்டப் போனது நான் ஒருவன்தான்.

எனக்கு ஏழாம் அளவு. யனுஷனுக்குப் பதினொன்று.

அவனிடம் அந்தச் சப்பாத்தையும் கார்த் திறப்பையும் கேட்டு வாங்கி, எஞ்சினை நிறுத்தியபடி காரில் இருந்து பார்த்தேன். பிரேக்கில் காலை வைத்தேன். டோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தால், சப்பாத்தின் வலப்பக்க ஓரம் மற்றப் பெடலின்மேல் கிடக்கிறது. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் வழுக்கினால் முழுதாக அந்தப் பக்கம். ஏழு தரம் செய்து பார்த்தேன். ஐந்து தரம் அப்படி.

10 மார்ச், திங்கள்

காலையில் எழும்பும்போது ஒரு நல்ல யோசனை இருந்தது: சப்பாத்தின் பிழை என்று சொல்லிவிடலாம். பல் தீட்டி முடிப்பதற்குள் வெட்கம் வந்தது. முதலில் கியர்பொக்ஸ், பிறகு வயர், பிறகு உணரி, இப்போது சப்பாத்து. அது தானாக நடந்து வந்து என் காலில் ஏறவில்லை.

தாரிணி சொல்லமாட்டாள். கலாவதி சொல்லமாட்டாள். பேசாமல் இருந்தால் போகும். ஆனால் அங்கே ஒரு மனிதன் வெறும் கராஜில் இருக்கிறான்.

11 மார்ச், செவ்வாய்

முதலில் கோசிகாவுக்குச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழுதாள். காப்புறுதிக்காரருக்குக் கியர்பொக்ஸ் கோளாறு என்று எழுதிக் கொடுத்ததையும் அவளை வைத்தே திருத்தி அனுப்பினேன்.

பிறகு குழுவில் குரல் பதிவு. எட்டுத் தரம் அழித்தேன். முதல் தரம் சப்பாத்தில் தொடங்கினேன், அழித்தேன். அடுத்த தரம் என் இருபத்தேழு வருஷத்தில் தொடங்கினேன், அதையும் அழித்தேன். கடைசியில் போனது இவ்வளவுதான்: "நான் பாலேந்திரா கதைக்கிறன். மதிலை இடிச்சது என்ர கால். கியர்பொக்சில ஒரு பிழையும் இல்லை, செபமாலைமுத்துவின்ர வேலையில ஒரு பிழையும் இல்லை. நான் சொன்னது பொய். காரைத் திரும்ப அவரிட்டயே கொண்டு போங்கோ."

போன தரம் ஐந்து நிமிஷத்தில் முப்பது பதில். இந்த முறை ஒரு மணித்தியாலம் ஒரு பதிலும் இல்லை. எல்லோரும் கேட்டதாக மட்டும் காட்டியது. பழி சொல்லும்போது இருந்த கூட்டம் எங்கே போனது?

12 மார்ச், புதன்

பஸ்ஸில் கராஜுக்குப் போனேன். தூக்கி நிறுத்தும் மேடை இரண்டும் காலி. செபமாலைமுத்து வாசலில் கதிரை போட்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். அதுவே என்னைக் கொன்றது.

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வந்ததை விட்டுவிட்டு, "தம்பி, நான்தான் அமத்தினது" என்றேன்.

"தெரியும், அண்ணை."

"குழுவில கேட்டனீரோ?"

"இல்லை. முதல் நாளே தெரியும். இடிக்க முந்தி நடந்ததை அந்தக் கொம்பியூட்டரிலயே பாத்தனான். எண்பத்து மூண்டு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, எழுதத்தான் வேண்டும். "தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீர்? உம்மைப் பற்றி ஊரெல்லாம் சொன்னனே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காணுமே!"

"மருமகன் பக்கத்தில நிண்டவர், அண்ணை. அவருக்கு முன்னால சொன்னால் உங்கட மகள் அண்டைக்கே உங்கட ஓட்டத்தை நிப்பாட்டிப் போடுவா. பிறகு நீங்கள் தனிய வருவீங்கள், தனிய சொல்லுவம் எண்டு இருந்தனான். நீங்கள் வரேல்லை. அதுக்குள்ள குழுவில போட்டிட்டீங்கள். பிறகு சொன்னால், என்னைக் காப்பாத்திறதுக்கு உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும்."

ஐந்து கிழமை. வெறும் கராஜில் ஐந்து கிழமை. ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

கதிரையில் இருந்து அழுதேன். எழுபதைத் தொடப் போகிற கிழவன், எண்ணெய் நாற்றத்துக்குள் இருந்து சின்னப் பிள்ளை மாதிரி. அவர் தேத்தண்ணி போட உள்ளே போனார். வேண்டுமென்றே மெல்லத்தான் போட்டிருப்பார், வர வெகுநேரமாகியது.

புறப்படும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "ஓடுறதை விடாதேங்கோ. ஆனால் ஒருக்கால் ஆரிட்டையும் காட்டி, ஏலுமோ எண்டு பாருங்கோ. மகளுக்காக இல்லை. உங்களுக்காக."

2 ஏப்ரல், புதன்

வயது போன ஓட்டுநர்களைச் சோதித்துப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானே பதிந்தேன். ஒரு பெண் ஒன்றரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்தார். கண், கழுத்துத் திருப்பம், சட்டென்று நிறுத்தும்போது கால் நகரும் வேகம், எல்லாம் பார்த்தார். ஏலாது என்று சொன்னால் திறப்பைக் கோசிகாவிடமே விட்டுவிடுவது என்று போகும்போதே முடிவெடுத்திருந்தேன். கலாவதிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஓடலாம் என்றார். ஆனால் யாராவது அவசரப்படுத்தினால் தடுமாறுகிறீர்கள், அவசரப்படுத்த விடாதீர்கள் என்றார்.

கோசிகா திறப்பை மேசையில் வைத்தாள். கையில் தரவில்லை. பரவாயில்லை. எடுத்துக்கொண்டேன்.

9 மே, வெள்ளி

போன கிழமை எழுபது முடிந்தது. படிவத்தில் கையெழுத்து வைத்து அனுப்பியாயிற்று.

விம்பிள்டன் கோயிலுக்கு மூன்று பேரையும் கலாவதியையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சிவனேஸ்வரி அக்கா சீட் பெல்ட் போட்டு முடிக்க நல்ல நேரம் எடுத்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும்.

திரும்பி வந்து, முன் பிரேக்கில் ஒரு கிறீச்சுச் சத்தம் இருப்பதால் செபமாலைமுத்துவுக்குப் போன் எடுத்தேன். மூன்று தரம் எடுத்த பிறகுதான் அந்தப் பெடியன் எடுத்தான், அவர் ஒரு காருக்குக் கீழே கிடக்கிறார் என்றான். காத்திருந்தேன். பின்னால் சுத்தியல் சத்தம், யாரோ இரண்டு பேர் தங்கள் முறை எப்போது என்று சண்டை பிடிக்கிற சத்தம். அதில் ஒரு குரல் சந்திரவதனாவுடையது.

பிறகு அவர் வந்தார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இருபத்தேழாந் திகதிக்கு முந்தி ஏலாது. இடமில்லை."

"எனக்குமோ?"

"உங்களுக்கும்தான்."

இருபத்தேழுக்கே என் பெயரை எழுதச் சொன்னேன்.